கிராபிக்ஸ் கார்டு நியமனம்

சங்கத்துக் கம்ப்யூட்டருக்குப் பார்வை மங்கிவிட்டது என்று முதலில் கண்டுபிடித்தவள் யோகம்மா. கண்டுபிடித்த கையோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவளுக்கும் நிம்மதி, பினாங்கு யாழ்ப்பாணர் அபிவிருத்திச் சங்கத்துக்கும் நிம்மதி. ஆனால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகவே இருந்து ஓய்வு பெற்றவளிடம் போய் வாயை மூடு என்றால் நடக்கிற காரியமா?

யோகம்மாவுக்குச் சங்கத்தில் பெரிய பதவி ஒன்றும் கிடையாது. மூத்த பெண்மணிகளுக்குக் கணினிப் பயிற்சி என்று தொண்ணூற்று ஐந்தில் ஆரம்பித்தார்கள். டைப் அடிக்கப் போனாள். இரண்டாவது வகுப்பில் கை தவறி எதையோ அழுத்திவிட, திரையில் ஒரு கார் வந்து நின்று உறுமியது. அன்றோடு டைப்பிங் போயே போச்சு. அதற்கப்புறம் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கார் ஓட்டுவதுதான் அவளுக்குப் பயிற்சி. நிஜத்தில் அவள் சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

கடலுக்கு அக்கரையில், மாக் மண்டின் பக்கம் ஓர் இந்திய முஸ்லிம் நலச் சங்கம் இருந்தது. இரண்டு சங்கமும் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு தடவை நட்புறவு விழா நடத்தும். முன்பெல்லாம் மூத்தோருக்கு எலுமிச்சம்பழக் கரண்டி ஓட்டம் வைத்தார்கள். எல்லாருக்கும் முட்டி தேய்ந்துபோனதால் அதை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் வைத்தார்கள். இந்தப் பக்கத்துக்கு யோகம்மா. அந்தப் பக்கத்துக்கு ஹபீபா பீவி. எக்ஸ்சேஞ்சில் யோகம்மாவுக்குப் பக்கத்து நாற்காலிக்காரி அவள். வெளியூர் ட்ரங்க் கால் யார் முதலில் போட்டுக் கொடுப்பது என்று அந்தக் காலத்திலேயே இரண்டு பேருக்கும் போட்டி.

போன வருஷப் பந்தயத்தில்தான் அந்த மானக்கேடு நடந்தது. பாலத்து வளைவில் எதிரே ஒரு செங்கல் வந்தது. செங்கல்தானே என்று யோகம்மா அதன்மேல் ஏற்றினாள். அது லாரி. ஹபீபா பீவி ஜெயித்துவிட்டு, அந்தக் கதையைப் போன கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் சொல்லித் தீர்த்தாள். அதுகூடப் பரவாயில்லை. இந்த வருஷ விழா முடிந்ததும் ஹபீபா பீவி தூரத்து ஷா ஆலமில் இருக்கும் மகனோடு போய்த் தங்கப்போகிறாள். அதாவது யோகம்மாவுக்கு இதுதான் கடைசிப் பந்தயம். செங்கலைப் பார்த்து ஏமாந்தவள் என்ற பேரைத் தான் சுமந்துகொண்டு ஹபீபா பீவியை வழியனுப்பிவைக்க யோகம்மாவுக்குத் துளியும் மனசில்லை.

கொம்தார் கட்டடத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அப்துல் ரசாக், ஹபீபா பீவியின் சொந்தத் தம்பி. யோகம்மா அவனிடமே போய் யோசனை கேட்டாள்.

"மெஷின் பழசுக்கா. ஆனா மாத்த வேணாம். த்ரீ-டி கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு உள்ள போட்டா போதும். லாரி லாரியாவே தெரியும்," என்றான் ரசாக்.

"உங்க அக்காவுக்கு எதிராத்தான் ஓட்டப்போறேன் தம்பி. தெரியும்ல?"

"எங்க அக்கா கம்ப்யூட்டருக்கு நான்தான் போட்டுக் குடுத்தேன். நியாயம்னு ஒண்ணு இருக்கு லா."

ஆக, விஷயம் இவ்வளவுதான். ஒரு கார்டு வாங்க வேண்டும், நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பொருத்த வேண்டும். யோகம்மா இதைச் சங்கத்தின் செயற்குழுவில் சொன்னாள். அங்கேதான் பிடித்தது சனி.

தலைவர் ஏரம்பமூர்த்தி அரசாங்க இலாகா ஒன்றில் சீஃப் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் விநாசித்தம்பி அதே இலாகாவில் அவருக்குக் கீழே இருந்தவர். இன்னமும் கீழேதான் இருந்தார். யோகம்மா பேசி முடித்ததும் தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் அரை மணி நேரம் பேசுவார் என்பது சங்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"யோகம்மா, உங்க கோரிக்கை நியாயமானது. ஆனா நம்ம சங்கத்துச் சட்டத்துல பொருள் வாங்கறதுக்கு விதியே இல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூணுல சட்டம் எழுதினவங்க, பொருள் எல்லாம் தானமாத்தான் வரும்னு நினைச்சுட்டாங்க. ஆள் நியமிக்க மட்டும்தான் விதி இருக்கு."

"அப்ப இந்தக் கம்ப்யூட்டர் எப்படி வந்துச்சு?" என்றாள் யோகம்மா.

"அது நியமனம்," என்றார் விநாசித்தம்பி. "சம்பளமில்லாத உதவி எழுத்தரா நியமிச்சிருக்கு."

யோகம்மா கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தாள். அது ஒன்றும் மறுப்புச் சொல்லவில்லை.

ஆகவே கிராபிக்ஸ் கார்டையும் நியமிப்பது என்று முடிவாயிற்று. நியமனம் என்றால் நேர்முகத் தேர்வு உண்டு. நேர்முகத் தேர்வு என்றால் முழுச் செயற்குழுவும் கோட்டுப் போட்டு உட்கார வேண்டும். அடுத்த சனிக்கிழமை இரண்டு காரில் கிளம்பிக் கொம்தாருக்குப் போனார்கள். ரசாக்கின் கடையில் மூன்று பேர் நின்றாலே நாலாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். தலைவர் உள்ளே போய் அங்கிருந்த ஒரே ஸ்டூலில் அமர்ந்தார். மற்றவர்கள் சர்வீஸ் மூப்புப்படி வாசலிலிருந்து எஸ்கலேட்டர் வரைக்கும் வரிசையாக நின்றார்கள்.

"முதலில் மறைந்த உறுப்பினர்களுக்கு ஒரு நிமிட மௌனம்," என்று விநாசித்தம்பி அறிவித்தார். பிரின்டர் மை வாங்க வந்த சீனப் பெண்ணொருத்தியும் பாவம், பையைக் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள்.

ரசாக் இரண்டு கார்டுகளை மேசையில் வைத்தான். ஒன்று போன வருஷத்தது. இன்னொன்று போன மாதம்தான் வந்தது; யோகம்மாவுக்கு அவன் மனசில் வைத்திருந்தது அதைத்தான்.

"இவர் எப்ப சர்வீஸ்ல சேர்ந்தார்?" என்று தலைவர் புதுசைக் காட்டிக் கேட்டார்.

"போன மாசம் வந்துச்சு அண்ணே. இருக்கறதுலயே வேகம்."

தலைவரின் முகம் வாடியது. "தம்பி, நான் முப்பத்தஞ்சு வருஷம் சர்வீஸ்ல ஒரு ஃபைலைக்கூட வேகமா பார்த்ததில்ல. ஒரு தடவை ஒரு பென்ஷன் கேஸ் வந்துச்சு. அவசரப்படாம நிதானமா பார்த்தேன். முடிக்கறதுக்குள்ள அந்த மனுஷனே காலமாயிட்டார். பிரச்சினை தானா தீர்ந்துபோச்சு. அந்த நிதானத்தாலதான் நான் சீஃப் கிளார்க் ஆனேன்."

வரிசையில் நின்றவர்கள் எஸ்கலேட்டர்வரை மரியாதையாகத் தலையாட்டினார்கள். அந்த நேரம் பார்த்து விநாசித்தம்பியின் கண் கீழே போயிற்று. மேசை ஆடாமலிருக்க அதன் ஒரு காலுக்கடியில் ரசாக் ஏதோ பச்சைத் தகட்டை மடித்த அட்டையோடு செருகி வைத்திருந்தான்.

"அது யாரு?"

"அதுவும் கிராபிக்ஸ் கார்டுதான் அண்ணே. பழசு. கடை தொறந்தப்பவே செத்துப்போச்சு."

"கடை திறந்ததிலிருந்து இங்கதான் இருக்காரா?" தலைவர் எழுந்து குனிந்து பார்த்தார். "புகார் ஏதும்?"

"செத்த கார்டு என்னத்த புகார் சொல்லும்?"

"மேசையைத் தாங்கறார். எடுத்த பொறுப்பை இத்தனை வருஷமா விடல. வேகம் இல்ல, சத்தம் இல்ல, லீவு கேட்கல." தலைவர் நிமிர்ந்தார். "விநாசி, இவரைவிட சீனியர் இங்க யாரும் இல்ல. இவரை நியமிக்கிறோம்."

ரசாக் யோகம்மாவைப் பார்த்தான். விழாவுக்கு இரண்டே வாரம். இந்த மனுஷர்களோடு வாதாடினால் இன்னொரு சப்-கமிட்டிதான் பிறக்கும் என்று அவளுக்குத் தெரியும். அரசாங்க உத்தியோகத்தில் அவளும் காலம் தள்ளியவள்தானே. அவர்களுக்குப் புரிகிற பாஷையிலேயே பேசிப் பார்த்தாள்.

"ரொம்ப நல்ல முடிவு, தலைவர். ஆனா அவருக்கு உடம்பு சரியில்லையே. மெடிக்கல் லீவுன்னு போடுங்க. அவர் தேறி வர்ற வரைக்கும் இந்தப் புதுசை ஆக்டிங்கா போட்டுக்கலாமே."

ஆக்டிங். மேலதிகாரி லீவில் போனால் அவர் நாற்காலியில் தற்காலிகமாக ஒருவரை உட்காரவைப்பார்களே, அதுதான். அந்தச் சொல்லைக் கேட்டதும் கடைவாசலில் ஒரு நல்ல காற்று வீசியது போலிருந்தது. அங்கே நின்ற ஒவ்வொருவரும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஆக்டிங்காக இருந்தவர்கள். விநாசித்தம்பி ஆக்டிங்காகவே ஓய்வு பெற்றவர். அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நிரந்தர அதிகாரி மேசைக்காலுக்கு அடியிலேயே மருத்துவ விடுப்பில் இருப்பார் என்றும், ரசாக் அவரது உடல்நிலையை அவ்வப்போது தெரிவிக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

யோகம்மா வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினாள். அவசரப்பட்டுவிட்டாள். கார்டுக்குப் பணம் கொடுக்கிற ஆனந்தராஜாவை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆனந்தராஜா சங்கத்தின் உபதலைவர். தாசேக் கெலுகோரில் எண்ணெய்ப்பனைத் தோட்டம். காலமான தகப்பனார் கதிர்காமுவின் பேரில் அவர் உபயம் செய்யாத பொருள் சங்கத்தில் இல்லை. கூடத்து மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் 'அமரர் கதிர்காமு நினைவாக, மகன் ஆனந்தராஜா உபயம்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. சுற்றினால் பேர் தெரியாது என்பதால் அந்த விசிறியை யாரும் போடுவதில்லை. உறுப்பினர்கள் வேர்த்து விறுவிறுத்துக் கதிர்காமுவை நினைத்துக்கொள்வார்கள். கைகழுவும் இடத்துக் கண்ணாடியிலும் அதே வாசகம், ஓரத்துக்கு ஓரம் நிறைத்து. அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்தவர் எவரும் இல்லை.

கார்டைக் கையில் வாங்கிய ஆனந்தராஜா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேரு எழுத இடம் கொஞ்சம்தான் இருக்கு. பரவால்ல, சின்னதா எழுதிக்கலாம். இது எங்க மாட்டுவீங்க?"

"பெட்டிக்கு உள்ள," என்றாள் யோகம்மா.

"உள்ளன்னா?"

"உள்ளதான் அண்ணே. மூடி போட்டு ஸ்க்ரூ போட்டுடுவாங்க."

"அப்ப எங்கப்பா பேரு?"

"அவரும் உள்ளதான்."

ஆனந்தராஜா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்தத் தம்ளரிலும் கதிர்காமு இருந்தார். "எங்கப்பா வாழ்ந்த காலத்துல யாருக்கும் தெரியாம ஒரு நல்ல காரியம் செஞ்சதில்ல," என்று ஆனந்தராஜா தழுதழுத்தார். "செத்த பிறகு அவரை அந்தப் பாவத்தைச் செய்ய வைக்கறீங்களே."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். கூட்டம் சாயங்காலம்வரை நடந்தது. இறுதியில் தீர்மானம் இப்படி வந்தது: கார்டைக் கூடத்து முகப்பிலுள்ள கண்ணாடி அலமாரியில், சிவப்பு வெல்வெட்டின்மேல், பித்தளைப் பெயர்ப்பலகையோடு வைப்பது. அலமாரியை விட்டு அதை எக்காரணம் கொண்டும் வெளியே எடுக்கக் கூடாது. பழைய பாட்மின்டன் கோப்பையை எடுத்துவிட்டு இடம் செய்தார்கள்.

"அப்ப கம்ப்யூட்டருக்கு?" என்று கேட்டாள் யோகம்மா.

"அதுக்கென்ன? ஒரே கூடத்துலதானே இருக்கு," என்றார் விநாசித்தம்பி.

விழா நாள் வந்தது. அலமாரியில் கார்டு மல்லிகைச் சரமும் சந்தனப் பொட்டுமாக வீற்றிருந்தது. அக்கரைச் சங்கத்தார் தங்கள் கம்ப்யூட்டரை வேனில் ஏற்றி, வேனைப் பெர்ரியில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கூடவே இரண்டு அண்டா பிரியாணி. ஹபீபா பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேராக அலமாரியிடம் போனாள்.

"யோகம், இது என்ன லா? கார்டுக்குப் பொட்டு வச்சிருக்கீங்க. மியூசியமா?"

யோகம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அழுகையே வந்துவிட்டது. கார்டின் கதையைக் கொம்தாரிலிருந்து வெல்வெட்வரை கொட்டித் தீர்த்தாள். "போன வருஷம் உன் கார் எங்க போகுதுன்னே எனக்குத் தெரியல. இந்த ஒரு தடவையாவது உன்னைக் கண்ணால பார்த்து ஜெயிக்கணும்னு ஆசைப்பட்டேன். நீ வேற ஷா ஆலம் போயிடுவே."

ஹபீபா பீவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்க சங்கம் மட்டும் என்னவாம்? கரண்டி வாங்கவே எங்களுக்கு மூணு கூட்டம் ஆச்சு," என்றாள். பிறகு சொன்னாள்: "அழுதா கார்டு வெளிய வருமா? வராதுல்ல?"

யோகம்மா மூக்கைச் சிந்திவிட்டு அலமாரியைப் பார்த்தாள். நல்ல பெரிய அலமாரி. வராது. வெளியே வராது. அவள் மேடைக்குப் பக்கத்தில் போய், விதிமுறைக் கேள்வி எழுப்புகிறவள்போலக் கையைத் தூக்கினாள்.

"பாயிண்ட் ஆஃப் ஆர்டர், தலைவர். கார்டு அலமாரியை விட்டு வெளிய வரக் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்கு. சரி. கம்ப்யூட்டர் அலமாரிக்கு உள்ள போகக் கூடாதுன்னு எங்கயாவது இருக்கா?"

விநாசித்தம்பி தீர்மானப் புத்தகத்தில் தேடினார். முன்னாலிருந்து தேடினார், பின்னாலிருந்து தேடினார். இல்லை. ஆனந்தராஜா யோசித்தார். மூடியைக் கழற்றிய பெட்டி, அதில் கார்டு, முன்னால் பித்தளைப் பலகை. "பந்தயம் பார்க்கறவங்க எல்லாம் எங்கப்பா பேரையும் பார்ப்பாங்க," என்று அவருக்கே தோன்றிவிட்டது. ரசாக் சந்தனத்தைத் துடைத்தான், மல்லிகையை எடுத்தான், கால் மணி நேரத்தில் கார்டைப் பொருத்திவிட்டான். அலமாரிக்குப் பின்னாலிருந்து கம்பிகள் நீண்டு வந்தன. இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரு கேபிளால் இணைத்தார்கள்.

திரை விழித்தது. மரத்துக்கு இலை இருந்தது. ரோட்டுக்குக் கோடு இருந்தது. இத்தனை வருஷமாக நீலச் சுவர் என்று நினைத்து ஒதுங்கிப் போன இடத்தில் கடல் இருந்தது, அலையோடு. முன்னால் போகும் ஹபீபா பீவியின் சிவப்புக் காரின் நம்பர் பிளேட்கூடப் படிக்க முடிந்தது.

பாலத்து வளைவில் லாரி வந்தது. முழுசாக, டிரைவரோடு வந்தது. யோகம்மா அழகாக ஒதுங்கினாள். ஹபீபா பீவி அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள், "செங்கல் வருதுடி, பாத்து" என்று கிண்டலடிக்க. அவள் திரும்புவதற்குள் யோகம்மா முந்திவிட்டாள். ஒரு கார் நீளம். பிறகு இரண்டு கார் நீளம். கூடம் எழுந்து நின்றது. ஏரம்பமூர்த்திகூட வேகத்தை எதிர்க்கும் கொள்கையை மறந்து கைதட்டினார். எதிரே முடிவுக் கோடு, கறுப்பும் வெள்ளையுமாகத் துல்லியமாகத் தெரிந்தது.

யோகம்மா ஒரு கணம் பக்கத்தில் பார்த்தாள். ஹபீபா பீவி கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்சேஞ்சில் லைன் கிடைக்காமல் போனால் அப்படித்தான் கடிப்பாள். இந்தக் கோட்டைத் தாண்டினால் கோப்பை வரும். கோப்பை வந்ததும் பிரியாணி. பிரியாணிக்கப்புறம் வேன், பெர்ரி, ஷா ஆலம். அங்கே பேரப்பிள்ளைகள் இருப்பார்கள், மகனுக்கு வேலை இருக்கும், வருகிறேன் வருகிறேன் என்று போனில் சொல்வாள். வரமாட்டாள். ஜெயிக்கிற ஆசையெல்லாம் அந்த நொடியில் எங்கே போயிற்றோ தெரியவில்லை. விரல் தானாக நகர்ந்து நிறுத்திவைக்கிற பொத்தானை அழுத்தியது.

இரண்டு காரும் அப்படியே நின்றன.

"பாயிண்ட் ஆஃப் ஆர்டர், தலைவர்," என்றாள் யோகம்மா. "நான் ஓட்டறது ஆக்டிங் கார்டுல. ஆக்டிங்ல இருக்கறவங்க இறுதி முடிவு எடுக்கலாமா?"

ஏரம்பமூர்த்தி மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் அப்படியொரு ஒளியை அவருடைய கல்யாணப் படத்தில்கூட யாரும் பார்த்ததில்லை.

"எடுக்க முடியாது," என்றார். "எந்த இலாகாவிலும் முடியாது. சாதாரண வளைவு, திருப்பம் எல்லாம் ஆக்டிங் பார்த்துக்கலாம். முடிவுன்னா நிரந்தர அதிகாரிதான் கையெழுத்துப் போடணும். அவர் மருத்துவ விடுப்பு முடிஞ்சு திரும்பற வரைக்கும் பந்தயம் ஒத்திவைக்கப்படுது. கம்ப்யூட்டர்களை யாரும் அணைக்கக் கூடாது. நிலுவையில உள்ள விஷயம்கறதால, மூணு மாசத்துக்கு ஒரு தடவை மறுபரிசீலனைக் கூட்டம். ரெண்டு போட்டியாளரும் நேர்ல வந்தே ஆகணும்."

"அவங்க ஷா ஆலம் போறாங்களே," என்றார் யாரோ.

"எங்க வேணும்னாலும் போகட்டும். கூட்டத்துக்கு வரணும்," என்றார் விநாசித்தம்பி. "வரலன்னா அவங்க சங்கத்துக்கே கெட்ட பேரு."

ஹபீபா பீவி திரையைப் பார்த்தாள். கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் யோகம்மாவின் கார். தன்னுடையது இரண்டு கார் நீளம் பின்னால், மரத்தடியில். அவளுக்குப் புரிந்துபோயிற்று.

"அடிப்பாவி. நீதானேடி ஜெயிச்சிருப்பே," என்றாள் மெதுவாக.

"தெரியும் லா. சாப்பிட வா, பிரியாணி ஆறிப்போகும்," என்றாள் யோகம்மா.

மூன்று மாதம் கழித்து மறுபரிசீலனைக் கூட்டத்தன்று ஷா ஆலமிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள் ஹபீபா பீவி. மகன் முணுமுணுத்தானாம்; இவள், சங்கத்துக் கூட்டம், போகாமல் இருந்தால் கேஸ் கீஸ் ஆகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். கூடத்தில் விசிறி நின்றிருந்தது. கண்ணாடி அலமாரிக்கு அருகே இரண்டு திரைகளிலும் அலை நின்றிருந்தது, லாரி நின்றிருந்தது, இரண்டு காரும் நின்றிருந்தன.

ஏரம்பமூர்த்தி தொண்டையைக் கனைத்தார். "முதல் விஷயம். நிரந்தர அதிகாரியின் உடல்நிலை. தம்பி அப்துல் ரசாக்?"

ரசாக் எழுந்து நின்று, மேசைக்கால் இன்னும் ஆடவில்லை என்றும், அதிகாரிக்கு இன்னும் உயிர் வரவில்லை என்றும் பணிவாகத் தெரிவித்தான்.

யோகம்மாவும் ஹபீபா பீவியும் பின்வரிசையில் ஒரே தட்டில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஐயோ பாவம்," என்றாள் ஹபீபா பீவி. "அப்ப அடுத்த கூட்டத்துக்கும் நான் வரணுமா?"

"வேற வழி?" என்றாள் யோகம்மா. "ரூல் அப்படி."